மூன்றாம் சீட்டு

“அனுப்பியாச்சுங்க பெரியவரே.”

திருமூர்த்தி இதைச் சொல்வது பதினொன்றாவது தடவை. ஒவ்வொரு தடவைக்கும் வீட்டுச் சுவரில் கரியால் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறேன். எனக்கு எழுதப் படிக்கப் பெரிதாக வராது. எண்ணத் தெரியும்.

திருமூர்த்தி கோர்ட்டில் கேஸ் கட்டுகளை மேல்கோர்ட்டுக்கு அனுப்புகிற எழுத்தர். எந்த ஊர்க் கோர்ட்டு என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அதற்கும் ஒரு கேஸ் போடுவார்கள். அந்தக் கட்டு மட்டும் மறுநாளே போய்ச் சேர்ந்துவிடும்.

ஜன்னல் கம்பிக்கு அந்தப்பக்கம் பெரிய நோட்டைத் திருப்பி, விரல் வைத்துக் காட்டினார். “இங்க பாருங்க. நம்பர் நாப்பத்தேழு. மார்ச் பதினாலாந்தேதி தாட்டியுட்டாச்சு. மாசாமாசம் சரிபார்த்து ஆறு பேரு கையெழுத்துப் போட்டிருக்கறாங்க. கடைசீல பச்சை மை, அது ஜட்ஜய்யா போட்டது. இதுக்கு மேல நான் என்ன பண்றது?”

“மேல்கோர்ட்டுல வரலைங்கறாங்களேங்க.”

“அதை அவங்களக் கேளுங்க.”

“கேட்டமுங்க. உங்களக் கேக்கச் சொல்றாங்க.”

பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். திருமூர்த்தியும் சிரித்தார். எனக்கு அந்த நோட்டைப் பிடுங்கி அவர் வாயில் திணிக்க வேண்டும் போல இருந்தது. நடுவில் கம்பி இருந்தது. கம்பியை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று அன்றைக்குப் புரிந்தது.

என் மகன் கௌதமன் ஜெயிலில் இருக்கிறான். ஏழு வருஷம் போட்டார்கள். வண்டி ஓட்டுகிறவன், தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு தோப்புக்குத் தேங்காய் ஏற்றப் போனான். எங்கள் ஆட்களை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாதோ அதைச் சொல்லிக் கூப்பிட்டான் தோப்பு மேனேஜர். இவன் ஏனென்று கேட்டான். அவன் எட்டி உதைத்தான். இவன் தள்ளிவிட்டான். அவன் போய் விழுந்தது, மட்டை உரிப்பதற்கு மண்ணில் நட்டு வைத்திருந்த பாரையின் மேல். விலாவில் ஏறிவிட்டது. செத்துப் போகவில்லை. இன்றைக்கும் புல்லட்டில்தான் சுற்றுகிறான்.

பாரையைப் பிடுங்கிக் குத்தினான் என்று கேஸ் எழுதினார்கள். ஒன்றரை அடி மண்ணுக்குள் அடித்து இறக்கிய பாரை அது. பிடுங்க இரண்டு ஆள் வேண்டும். போலீஸ்காரர்களே எடுத்த போட்டோவில், நட்ட இடத்தில் நட்டபடி நிற்கிறது, ரத்தத்தோடு. கீழ்க்கோர்ட்டு அதைக் கண்டுகொள்ளவில்லை. அந்தப் போட்டோ கேஸ் கட்டுக்குள் இருக்கிறது. சாட்சி சொன்னது, டாக்டர் எழுதியது, தீர்ப்பு என்று எல்லாவற்றையும் துணியில் சுற்றி நாடா போட்டுக் கட்டியதுதான் கட்டு. ஒரு தேங்காய் மூட்டையில் பாதிக் கனம் இராது. அது போய்ச் சேர்ந்தால்தான் மேல்கோர்ட்டு அப்பீலைக் கையில் எடுக்கும். ஜாமீன் கேட்டதற்கும், அப்பீலையே சீக்கிரம் விசாரிக்கலாம், கட்டை அனுப்புங்கள் என்றுதான் உத்தரவு போட்டார்கள். அந்தச் சீக்கிரத்துக்கு இரண்டு வருஷம் ஆறு மாதம் ஆகிவிட்டது.

மெட்ராஸில் எங்கள் வக்கீல் ஜாஹிதா. நல்ல பொண்ணுதான். ஆனாலும் நான் வக்கீல்களை நம்புகிற ஆள் இல்லை, அவள் சொன்னதை இரண்டு பேரிடம் விசாரித்துப் பார்த்தேன். அவள் சொன்னது நிஜம். மேல்கோர்ட்டு ‘கட்டு எங்கே’ என்று கடிதம் போடும். கீழ்க்கோர்ட்டு ‘மார்ச் பதினாலிலேயே அனுப்பிவிட்டோம்’ என்று பதில் போடும். அந்தப் பதில் வந்ததும் அங்கே ஒருவர் ‘பதில் வந்தது’ என்று எழுதி மூடிவைப்பார். ஆறு மாதம் கழித்து மறுபடியும் ஒரு கடிதம். தபால்காரருக்கு நல்ல வேலை.

நான் உக்கடத்தில் நசுருதீன் பாயின் பார்சல் ஆபீஸில் முப்பத்தெட்டு வருஷம் லோடுமேனாக இருந்தவன். அங்கே ஒரு மூட்டைக்கு மூன்று சீட்டு. ஒன்று அனுப்புகிறவனுக்கு, ஒன்று மூட்டையோடு போகும். மூன்றாவது, மூட்டையை வாங்கியவன் முத்திரை குத்தித் திரும்ப வர வேண்டும். வந்தால்தான் கணக்கு முடிந்ததென்று கம்பியில் குத்துவோம். ஒரு தடவை தாராபுரம் போக வேண்டிய பனியன் மூட்டைக்கு மூன்றாம் சீட்டு வரவில்லை. ‘ஏத்திவிட்டேன் பாய், என் கண்ணால பார்த்தேன்’ என்றேன். பாய் சொன்னார்: “நீ ஏத்துனது உன் பேச்சு, சென்னி. அவன் வாங்குனதுதான் சாட்சி.” தேடினால் எங்கள் தார்ப்பாய்க்கு அடியிலேயே கிடந்தது. அன்றைக்கு அவமானத்தில் நான் சாப்பிடவில்லை. பனியன் மூட்டைக்கு.

அதனால் கம்பிக்கு வெளியே நின்று கேட்டேன். “மேல்கோர்ட்டுல வாங்குனதுக்கு முத்திரை குத்தின சீட்டு இருக்கோணுமல்லங்க? அந்த மூணாஞ்சீட்டைக் காட்டுங்க.”

“இதென்ன பார்சல் ஆபீஸா?” என்றார் திருமூர்த்தி.

“அதுவா இருந்திருந்தா கட்டு எப்பவோ போயிச் சேந்திருக்குமுங்க.”

“வெயில்ல வந்திருக்கறீங்க. மோர் குடிச்சுப்போட்டுப் போங்க” என்று நோட்டை மூடிவிட்டார்.

என் மருமகள் கிருபா நூல் மில்லில் வேலை பார்க்கிறாள். எழுத்து முத்து மாதிரி இருக்கும். தகவல் கேட்கிற சட்டத்தில் மனு எழுதினாள். ஒரே ஒரு கேள்வி: கட்டை மேல்கோர்ட்டில் வாங்கியது யார், என்றைக்கு? நாற்பது நாள் கழித்துப் பதில் வந்தது. கேட்ட தகவல் நீதிமன்ற ஆவணம் சம்பந்தப்பட்டதால் தர இயலாது. கிருபா படித்துக் காட்டிவிட்டு அந்தத் தாளை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். “இது அழுகாது மாமா, வெச்சிருப்போம்” என்றாள்.

ஆகஸ்டில் அந்தக் கோர்ட்டுக்குப் பெரிய ஜட்ஜ் ஒருவர் சோதனைக்கு வருவதாகச் செய்தி வந்தது. சோதனை என்றால் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள், பூந்தொட்டி வாங்குவார்கள், ஒழுகுகிற பழைய கட்டிடத்தில் இருக்கிற கட்டுகளைப் புதுக் கட்டிடத்துக்கு மாற்றுவார்கள். மாற்ற லோடுமேன் வேண்டும். அந்த வேலை பங்காரம்மா குழுவுக்குப் போயிற்று. புருஷன் போன பிறகு அவள்தான் மேஸ்திரி. பதினொரு ஆம்பிளைகளை அதட்டி வேலை வாங்குவாள்.

“என்னையும் சேத்துக்கோ” என்றேன்.

“எழுபது வயசாச்சு தாத்தா. கட்டைத் தூக்குவியா, கட்டைல போவியா?”

“நாப்பத்தேழாம் நம்பரைத் தேடோணும்.”

“முண்டாசைக் கட்டிட்டு வா” என்றாள்.

திருமூர்த்தி வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். நான் தலையில் சுமையோடு அவரைத் தாண்டி ஆறு நடை போனேன். பதினொரு தடவை என் முகத்தைப் பார்த்த மனுஷன். தலையில் முண்டாசும் அதன் மேல் மூட்டையும் ஏறியதும் எனக்கு முகம் இல்லாமல் போய்விட்டது. “சீக்கிரம், சீக்கிரம், வழில நிக்காதீங்க” என்றார்.

ஏழாவது நடைக்கு உள்ளே போனபோது, பீரோவுக்கு மேலே, உடைந்த மின்விசிறி இறக்கைகளுக்கு நடுவில் ஒரு கட்டு. மற்றதெல்லாம் வெறும் நாடா. இது மட்டும் காடாத்துணியில் தைத்து, அரக்கு முத்திரை வைத்து, ஊருக்குப் புறப்பட்ட மாப்பிள்ளை போல இருந்தது. மேலே ஒட்டியிருந்த தாளில் நாற்பத்தேழு. தேதி, மார்ச் பதினாலு. தூசி விரல் கனத்துக்கு.

தூசியை ஊதித் தள்ளினேன். கோபத்தில்தான். அழுகை எல்லாம் இல்லை.

அதைத் தூக்கிக்கொண்டு ஓட ஒரு நிமிஷம் ஆகாது. ஓடினால் கோர்ட்டுக் கட்டைத் திருடினான் என்பார்கள், உள்ளே எதையோ மாற்றிவிட்டான் என்பார்கள், போட்டோவுக்கு மதிப்புப் போய்விடும். தலையில் வைத்து வெளியே வந்தேன். முற்றத்தின் நடுவில், வேப்பமரத்தடியில் இறக்கினேன். முண்டாசை அவிழ்த்து விரித்துக் கட்டின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“தகராறு மூட்டை” என்று சத்தமாகச் சொன்னேன்.

எங்கள் லோடுமேன்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு மூட்டையை யாராவது ஒருவன் தகராறு என்று சொல்லிவிட்டால், அனுப்புகிறவனும் வாங்குகிறவனும் வந்து பேசி முடிக்கிற வரைக்கும் அதை எவனும் தொட மாட்டான். அந்த லோடில் வேறு மூட்டையையும் தூக்க மாட்டான். பங்காரம்மா கையை உயர்த்தினாள். பதினொரு பேரும் சுமையை நின்ற நின்ற இடத்தில் இறக்கினார்கள். முற்றம் முழுக்கக் கட்டுகள். மறுநாள் காலையில் சோதனை.

திருமூர்த்தி ஓடிவந்தார். கட்டைப் பார்த்தார். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

“ஐயா... நீங்களா?”

“நானேதானுங்க. மார்ச் பதினாலாந்தேதி தாட்டியுட்டது இது எந்த வழியாப் போயி பீரோ மேல ஏறுச்சுங்க?”

அவருக்குப் பின்னால் சிரஸ்தார் வந்தார், அந்த ஆபீஸுக்கே தலைமை அவர்தான். “கோர்ட்டு ரெக்கார்டை மறிச்சுட்டு உக்காந்திருக்கறயா? போலீஸைக் கூப்பிடுவேன்” என்றார்.

“கூப்பிடுங்க சார்” என்றாள் பங்காரம்மா. “எங்க இருந்து எடுத்தோம்னு அவங்களுக்கும் நீங்களே காட்டிப்போடலாம்.”

சிரஸ்தார் உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. திருமூர்த்தி என் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். கம்பி இல்லாமல் அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சின்ன ஆளாகத்தான் இருந்தார்.

“அந்த வருசமும் சோதனைங்க. மார்ச் பதினாறு. பாக்கி ஒண்ணுமில்லைன்னு காட்டோணும். அதுக்காக அனுப்புனதா எழுதிப்போட்டோம். அடுத்த வாரம் மெட்ராஸுக்கு ஆள் போறப்ப குடுத்தனுப்பலாம்னு இருந்தமுங்க. அந்த ஆளை மாத்திப்போட்டாங்க. அப்பறம், நோட்டுல போயிருச்சுன்னு இருக்கறதை எப்படிங்க மறுபடியும் அனுப்பறது?”

இதை அவர் தப்பாகவே சொல்லவில்லை. ஒரு கணக்குப் புதிர் போலச் சொன்னார். போகாத கட்டு நோட்டில் போய்விட்டது. அதனால் இனிமேல் போக முடியாது. நடுவில் என் மகன்.

“என்ற பையன் உள்ள இருக்கறது நோட்டுல இருக்குதுங்களா?” என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு சொல்றனுங்க, கேளுங்க. சத்தமில்லாம எந்திரிச்சுப் போனீங்கன்னா, இன்னிக்குப் பொழுதோட நானே கொண்டுபோயி மேல்கோர்ட்டுல குடுத்துப்போடறேன். கம்ப்ளைண்ட்டுன்னு போனா விசாரணை வைப்பாங்க. விசாரணைன்னா இந்தக் கட்டே சாட்சிப் பொருளாயிரும். பூட்டி வெச்சுருவாங்க. அதுக்கொரு வருசம். உங்க பையனுக்குத்தானுங்க கஷ்டம்.”

அதில் பொய் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. இவர்களைப் பிடித்துக் கொடுத்தால் மகன் இன்னும் உள்ளே கிடப்பான். மகனை வெளியே எடுக்க வேண்டுமானால் இவர்களை விட்டுவிட வேண்டும். எவ்வளவு அழகாகக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

மத்தியானம் கிருபா சோத்துப் பாத்திரத்தோடு வாசலுக்கு வந்தாள். ஜெயிலில் இருப்பது அவள் புருஷன், அவள்தான் முடிவு சொல்ல வேண்டும். விஷயத்தைச் சொன்னேன். காடாத்துணியை அவள் தொடவில்லை, பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அனுப்பியாச்சுன்னு எத்தனை வாட்டி சொன்னாரு மாமா?”

“பதினொண்ணு.”

“பன்னெண்டாவதை நம்பறீங்களா?”

“நம்பலை அம்மணி. பூட்டி வெச்சுப்போட்டாங்கன்னா?”

“பீரோ மேல இருந்தப்ப மட்டும் தொறந்தா கெடந்துச்சு? எந்திரிக்காதீங்க.” பாத்திரத்தைத் திறந்து என் மடியில் வைத்தாள். “சாப்பிடுங்க. இதுக்கொசரமும் பட்டினி கெடக்காதீங்க.”

பங்காரம்மாவிடம் மூட்டைக்குக் குறி போடுகிற சாயமும் தூரிகையும் எப்போதும் இருக்கும். கிருபா அதை வாங்கினாள். துணியின் மேல் அன்றைய தேதியைப் பெரிதாக எழுதினாள். ஆகஸ்டு பத்தொன்பது. கீழே ‘இங்கேயே இருந்தது’ என்று எழுதினாள். பதினொரு பேரும் பெருவிரலைச் சாயத்தில் தொட்டு வைத்தார்கள். சாயம் தண்ணீர் பட்டாலும் போகாது. இனி மார்ச் பதினாலு என்று எவன் சொல்ல முடியும்? சிரஸ்தாரின் ஆள் ஒருவர் “ஐயோ, ரெக்கார்டு, ரெக்கார்டு” என்று கத்தினார். மழையில் ஒழுகினபோது கத்தாதவர்.

மூன்று மணிக்கு அந்தக் கோர்ட்டு ஜட்ஜ் வந்தார். வயது குறைவு, மரியாதையான பேச்சு. நடந்ததை நானே சொன்னேன். திருமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். நோட்டைக் கொண்டுவரச் சொன்னார் ஜட்ஜ். பக்கத்தைப் புரட்டியவர் ஓர் இடத்தில் நின்றார். பச்சை மை இருந்த இடம். அவருக்குக் காது சிவந்ததை நான் பார்த்தேன்.

“இன்றைக்கே தனி ஆள் மூலம் அனுப்புங்கள்” என்றார்.

“பூட்டி வெக்கக் கூடாதுங்க.”

“வைக்க மாட்டோம். வெளித்துணியை மட்டும் கழற்றி இங்கே வைத்துக்கொள்கிறேன். அதுதான் சாட்சி. கட்டு போகட்டும்.”

அவர் புத்திசாலிதான். அந்தப் புத்தியை ரெண்டு வருஷத்துக்கு முன்னால் காட்டியிருக்கலாம்.

“எழுதிக் குடுங்க” என்றேன். சுற்றி நின்றவர்கள் மூச்சை இழுத்தார்கள். அவர் எழுதிக் கொடுத்தார், முத்திரையோடு. அதன் பிறகுதான் எழுந்தேன். முட்டி பிடித்துக்கொண்டது, பங்காரம்மா தூக்கிவிட்டாள்.

கட்டை எடுத்துக்கொண்டு ஆபீஸ் உதவியாளர் ரயிலேறினார். அதே பெட்டியில் கிருபாவும் ஏறினாள். அந்த ஆள் டீக்குடிக்க இறங்கினால் இவளும் இறங்கினாளாம். மறுநாள் மேல்கோர்ட்டு முத்திரை குத்திய சீட்டோடு வந்தாள். நசுருதீன் பாய்க்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. சீட்டை வாங்கி முத்திரையை விரலால் தடவினார். “கம்பியில குத்து சென்னி” என்றார்.

ஏழு வாரத்தில் அப்பீலை எடுத்தார்கள். மேல்கோர்ட்டு ஜட்ஜ் அந்தப் போட்டோவைப் பார்த்து, நட்ட பாரையை எப்படிப் பிடுங்கினான் என்று அரசு வக்கீலைக் கேட்டாராம். அவர் தாளைப் புரட்டினாராம். விடுதலை, மொத்தம் நாற்பது நிமிஷம் என்று ஜாஹிதா போனில் சொன்னாள், சந்தோஷமாகத்தான் சொன்னாள். நாற்பது நிமிஷ வேலை. அதற்கு இரண்டு வருஷம் பத்து மாதம். கௌதமன் வெளியே வந்தபோது இடது காதருகில் நரைத்திருந்தது. வண்டிச் சாவி எங்கே என்று மட்டும் கேட்டான்.

ஜனவரியில் விசாரணை என்று என்னைக் கூப்பிட்டார்கள். விசாரணை அதிகாரி தட்டச்சு செய்த தாளை என் பக்கம் தள்ளினார். திருமூர்த்தி மூலையில் நின்றிருந்தார். மேஜையில் அந்தக் காடாத்துணி, பதினொரு பெருவிரலோடு.

“படிச்சுக் காட்டுங்க” என்றேன்.

திருமூர்த்தி என்ற எழுத்தரின் கவனக்குறைவால் தாமதம் ஏற்பட்டது. அவ்வளவுதான். ஒரே வரி.

“மிச்சம் அஞ்சு பேரு எங்கீங்க?”

“எந்த அஞ்சு பேர்?”

“நோட்டுல ஆறு கையெழுத்துங்க. மாசாமாசம் பார்த்ததா எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க. மேல்கோர்ட்டுல பதிலை வாங்கி மூடி வெச்சவங்க வேற.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “பெரியவரே, உங்க பையன்தான் வெளிய வந்துட்டாரே. இனி எதுக்குங்க இது? இவரு மேல நடவடிக்கை எடுத்தாச்சுன்னா முடிஞ்சுது.”

“என்ற பையன் வெளிய வந்தது உங்களாலயா? நான் மூட்டை தூக்கப் போனதால. மூட்டை தூக்கத் தெரியாத அப்பன் என்ன பண்ணுவான்? இன்னும் எத்தனை பீரோ மேல எத்தனை கட்டு கெடக்குதோ, எவன் கண்டான்?”

மூலையில் திருமூர்த்தி தொண்டையைச் செருமினார்.

“ஐயா சொல்றது நெசந்தானுங்க” என்றார். “ஆறு பேருங்க. பேரு நான் சொல்றேன்.”

எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. தன் தலையில் மட்டும் விழுகிறது என்று தெரிந்த பிறகுதான் வாய் திறந்தார். ஆனாலும் திறந்தார்.

“நீ பேசாம இரு” என்றார் அதிகாரி. என் பக்கம் திரும்பினார். “கையெழுத்துப் போடுங்க. எனக்கு இன்னிக்கே இதை முடிச்சு அனுப்பணும்.”

“அனுப்பியாச்சுன்னு எழுதறதுக்குங்களா?”

அவர் கை நீட்டித் தாளை எடுக்கப் பார்த்தார். நான் அதன் மேல் என் கையை வைத்தேன். முப்பத்தெட்டு வருஷம் மூட்டை தூக்கிய கை, லேசில் நகராது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு நன்றாக அழுந்தி உட்கார்ந்தேன்.

“தகராறு மூட்டைங்க. ஆறு பேரையும் கூப்பிடுங்க” என்றேன்.